கால்கனம்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கோயில் உற்சவக் கச்சேரி. மங்களம் முடிந்தது. பாடகர் எழுந்தார். வயலின்காரர் எழுந்தார். கடம் வாசித்த தம்பி கடத்தை இடுப்புப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டே எழுந்துவிட்டார். தர்மகர்த்தா பொன்னாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி என் முன்னால் வந்து நின்றார். நான் எழுந்திருக்கவில்லை. சிரித்தேன். அவரும் சிரித்தார். நான் மறுபடி சிரித்தேன். அவர் நிறுத்திவிட்டார். கடைசியில் குனிந்து, குளிப்பாட்டிய குழந்தைக்குத் துண்டு போர்த்துகிற மாதிரி என் தோளில் போட்டுவிட்டு நகர்ந்தார். பக்கத்திலிருந்தவரிடம் அவர் சொன்னது, இன்னும் அணைக்காமல் இருந்த மைக்கில் ஊருக்கே விழுந்தது: "கை நல்லாப் பேசுது. ஆனா தலைக்கனம்."

தலைக்கனம் இல்லை ஐயா, கால்கனம். அந்த நிமிஷத்தில் எனக்கு இடுப்புக்குக் கீழே வலது பக்கம் காலே கிடையாது. யாரோ கொண்டுவந்து சாய்த்துவிட்டுப் போன ஒரு விறகுக்கட்டை அங்கே கிடந்தது. அது என் வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மிருதங்கக் கச்சேரிக்கு வருகிறவர்கள் கையைப் பார்ப்பார்கள். விமரிசனம் எழுதுகிறவர்கள் வலந்தலையின் நாதத்தைப் பற்றியும் இடது பக்கத் தொப்பியின் கும்கியைப் பற்றியும் எழுதுவார்கள். காலைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. இடது காலை மடக்கி, வலது காலைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, அந்த வலது பாதத்துக்கும் கணுக்காலுக்கும் மேல் வாத்தியத்தின் வலந்தலைப் பக்கத்தை ஏற்றிவைத்துத்தான் வாசிக்கிறோம். உடம்பு பலாமரம், அதன் மேல் தோல், வார், எல்லாம் சேர்ந்து என்னுடையது பத்து கிலோ அரிசிச் சிப்பத்துக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். அந்தச் சிப்பத்தைக் கணுக்கால் மேல் வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். அசையாமல் என்றால் கால் மட்டும். கை பறக்க வேண்டும், தலை ஆட வேண்டும், முகம் மலர வேண்டும். மரத்துக்கு அடியில் வைத்த கால் மரத்துப்போகாமல் பூத்தா குலுங்கும்?

பத்து வயதில் எங்கள் குருநாதர் வீட்டுத் திண்ணையில், கோரைப்பாயில், 'த தி தொம் நம்' தொடங்கிய முதல் வாரமே நான் புகார் கொடுத்தேன்.

"ஐயா, கால் மரக்குதுங்க."

"கை மரக்குதா?"

"இல்லீங்க."

"அப்ப வாசி."

அதற்கு மேல் அவர் அகராதியில் வைத்தியம் கிடையாது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. பாடப் புத்தகம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்கிற ஊர் இது. சரஸ்வதி பூஜையன்று மிருதங்கத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து நெடுஞ்சாண்கிடையாக விழுகிறோம். மறுநாள் காலையில் அதே சரஸ்வதியைத் தூக்கிப் பாதத்தின் மேல் வைத்துக்கொள்கிறோம். இது தப்பில்லையா என்று ஒருநாள் துணிந்து கேட்டேன். குருநாதர் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு யோசித்தார். "அதுக்குத்தாண்டா தம்பி, உன் காலைப் பிடிச்சு வச்சிருக்கா" என்றார்.

மகா வித்வான்களின் காலைப் பற்றியும் நான் யோசித்திருக்கிறேன். பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடது கைக்காரர். நமக்கு வலது பக்கம் இருக்கும் வலந்தலை அவருக்கு இடது பக்கம். அதனால் மேடையில் வயலின்காரர் எந்தப் பக்கம், அவர் எந்தப் பக்கம் என்பதே அந்தக் காலத்தில் பெரிய பிரச்சினை. அவருடைய கணக்கின் நுட்பத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அவருக்கு மரத்தது இடது காலாக இருந்திருக்க வேண்டும். இந்த ஆராய்ச்சி பிற்பாடு எனக்கு எப்படிப் பயன்பட்டது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மற்ற வாத்தியக்காரர்களைப் பார்த்தால் வயிறு எரியும். பறை அடிப்பவர் நின்று அடிக்கிறார், ஆடிக்கொண்டே அடிக்கிறார்; அவர் காலில் மரத்துப்போக ஒரு விநாடி ஓய்வு கிடையாது. தவில் வித்வான் சாமி புறப்பாட்டில் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வீதி முழுக்க நடக்கிறார். அவருக்குத் தோள் போகும், இடுப்பு போகும், கால் போகாது. கஞ்சிராக்காரர் வாத்தியத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருகிறார். கச்சேரி நடுவில் அவர் காலை மாற்றி உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது. நான் காலை அசைத்தால் பத்து கிலோ பலாமரம் உருண்டு பாடகர் மடியில் போய் விழும்.

ஆகவே கச்சேரியில் கால் எடுக்க வாய்ப்பு ஒன்றே ஒன்றுதான்: ராக ஆலாபனை. ஆலாபனைக்கு மிருதங்கம் கிடையாது. பாடகர் 'ததரின்னா' என்று ஆரம்பித்ததும் நான் பயபக்தியோடு வாத்தியத்தை இறக்கி வைப்பேன். ரசிகர்கள், வித்வான் ராகத்தில் லயிக்கப்போகிறார் என்று நினைப்பார்கள். நான் வேட்டிக்கு அடியில் கட்டைவிரலைத் தேடிக்கொண்டிருப்பேன். அதுவும் வெளிப்படையாக முடியாது. காலை முன்னால் நீட்டினால் சபைக்குக் காட்டுகிற மாதிரி. பக்கவாட்டில் நீட்டினால் பாடகருக்கு. பின்னால் சுவரில் சரஸ்வதி படம். எந்தத் திசையும் பாக்கி இல்லாமல், கால் இருந்த இடத்திலேயே விரலை மட்டும் மடக்கி மடக்கி நிமிர்த்த வேண்டும்.

இதனால் என் ராக ரசனையே மாறிவிட்டது. பேட்டியில் கேட்டால் எனக்குப் பிடித்த ராகம் தோடி என்று சொல்வேன். கமகம், கம்பீரம் என்று காரணமும் சொல்வேன். உண்மைக் காரணம், தோடியை எடுத்தால் பாடகர் அரை மணிக்கு விடமாட்டார். அவர் முடித்ததும் வயலின்காரர் ஒரு கால் மணி. முக்கால் மணி நேர விடுதலை! பைரவி, சங்கராபரணம், கல்யாணி இவர்களும் என் காலுக்கு நல்லது செய்தவர்கள்தான். இன்றைய கச்சேரி பத்ததிக்கு வடிவம் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) என்பார்கள். முதலில் வர்ணம், அப்புறம் விறுவிறுவென்று நாலைந்து கீர்த்தனை, பிறகு விஸ்தாரமான ராகம். அந்த விறுவிறுப்பில் போகிற கால், விஸ்தாரத்தில் திரும்பி வரும். இப்போது சில இளைஞர்கள் ஆலாபனையை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டுப் பாட்டுக்குத் தாவுகிறார்கள். சம்பிரதாயம் சீரழிகிறது என்று நான் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். கைதட்டினார்கள். என் சம்பிரதாயம் கணுக்காலில் இருந்தது அவர்களுக்குத் தெரியாது.

பிரதான கீர்த்தனை முடிந்து தனி ஆவர்த்தனம் வரும்போது கால் முழுத் தூக்கத்தில் இருக்கும். தனி வந்தால் ரசிகர்கள் கேண்டீனுக்கு எழுந்து போவார்கள் என்பது பழைய குறை. நம் ஆட்கள் இதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார்கள். எனக்கு வருத்தமில்லை, பொறாமைதான். எழுந்து போகிறார்களே, அந்தக் கால்களைப் பாருங்கள்! ஒரு உதறல் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. இரண்டு மணி நேரம் நாற்காலியில் இருந்துவிட்டு நேரே அடைக்குப் போகின்றன.

தனியின் நடுவில் உடம்பு கொஞ்சம் சாய்ந்து, அழுத்தம் ஒரு இழை விலகினால் போதும், கால் விழித்துக்கொள்ளும். அதுதான் பெரிய அபாயம். மரத்த கால் சாது. விழிக்கிற கால்தான் ராட்சசன். முதலில் உள்ளங்காலில் கோலி சோடா உடைத்த மாதிரி ஒரு பொங்கல். அப்புறம் கட்டெறும்பு வரிசை சதுஸ்ர நடையில் கிளம்பும். முழங்காலுக்கு வருவதற்குள் திஸ்ரத்துக்கு மாறிவிடும். பிறகு ஊசி. நான் ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கொண்டு கோர்வைக்குள் போகிற நேரத்தில், கால் தன் பாட்டுக்கு ஒரு ஏழில் போய்க்கொண்டிருக்கும். இரண்டும் சமத்தில் வந்து சேரும் என்று நம்பிப் பல்லைக் கடித்துக்கொள்வேன். ஒருமுறை ஒரு விமரிசகர், "தனியின்போது வித்வானின் முகத்தில் பொங்கிய பாவம் மறக்க முடியாதது" என்று எழுதினார். வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன்.

பொன்னாடையாவது பரவாயில்லை. ஒரு அரசு விழாவில், நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு நிமிஷம்கூட இடைவெளி விடாமல் தேசிய கீதத்தைப் போட்டுவிட்டார்கள். எழுந்தே ஆக வேண்டும். எழுந்தேன். இடது கால் எழுந்தது, நான் எழுந்தேன், வலது கால் வரவில்லை. தேசிய கீதம் 52 விநாடி. அசையாமல் நிற்க வேண்டிய 52 விநாடி. கடக்காரத் தம்பியின் சட்டையைப் பின்பக்கமாகக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். அவர் கழுத்துப் பொத்தான் தொண்டையை நெரிக்க, கண்ணில் நீர் முட்ட, விறைப்பாக நின்றார். முன்வரிசையிலிருந்த அதிகாரி ஒருவர் பிறகு வந்து அவருடைய தேசபக்தியைப் பாராட்டினார்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. மரத்த காலின் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தால் சரியாகும் என்பது எங்கள் பாட்டி வைத்தியம். விரல் நீண்டதுதான் மிச்சம். துண்டை உருட்டிக் கணுக்காலுக்கு அடியில் வைத்தேன், கொஞ்சம் சுகம். கணுக்காலில் நாற்பது வருஷமாகக் காய்த்திருக்கும் காய்ப்புக்கு அது மெத்தை. என் மனைவி இன்னும் ஒரு படி மேலே போய் அடுக்களையிலிருந்து பானை வைக்கிற பிரிமணையை எடுத்துக் கொடுத்தாள். அதைப் பையில் போட்டுக்கொண்டு போய் மேடையில் வைத்தேன். மேடைப் பொறுப்பாளர் பார்த்தார். கடத்துக்கு என்று நினைத்து, மரியாதையாக எடுத்துக் கடக்காரருக்கு வைத்தார். கடக்காரர் அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

யோகா வாத்தியார் ஒருவர் வஜ்ராசனம் சொல்லிக்கொடுத்தார். கால் மரப்பதற்கு இதைவிட விரைவான வழி உலகத்தில் இல்லை. கச்சேரியில் ஒரு மணி நேரம் ஆகிற வேலையைப் பத்தே நிமிஷத்தில் செய்துவிடுகிறது. அப்புறம் இரும்பில் ஒரு சின்ன ஸ்டாண்டு செய்து வாத்தியத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். கால் விடுதலை. ஆனால் வாசிப்பு வரவில்லை. காரணம் புரிய இரண்டு நாள் ஆயிற்று. தொப்பியில் கையை அழுத்தித் தேய்த்துக் கும்கி கொடுக்கும்போது, அந்த அதிர்வு பலாமரத்தின் வழியே இறங்கிக் கணுக்கால் எலும்பில் வந்து உட்காரும். இத்தனை வருஷம் நான் காதால் மட்டும் கேட்டு வாசிக்கவில்லை, காலாலும் கேட்டிருக்கிறேன். ஸ்டாண்டைப் பரணில் போட்டுவிட்டேன்.

என் தங்கை மகன் மேற்கத்திய டிரம்ஸ் வாசிக்கிறான். சினிமாவுக்கும் வாசிக்கிறான், கல்யாணத்துக்கும் வாசிக்கிறான். டிரம்ஸ்காரர் உட்காரும் முக்காலிக்கு அவர்கள் பாஷையில் பெயரே சிம்மாசனம். எங்களுக்கு ஜமக்காளம், அவர்களுக்குச் சிம்மாசனம்! ஆனால் அந்தச் சிம்மாசனத்திலிருந்து அவனும் ஒரு நாள் நொண்டிக்கொண்டே இறங்கினான். வலது காலால் பெரிய டிரம்முக்கு மிதி போட வேண்டும். கால் மரத்துப்போனால் தாளமே போச்சு. "மாமா, பின்பாக்கெட்ல பர்ஸ் வச்சிக்கிட்டு உக்காரக் கூடாதாம். புட்டத்து வழியா கால்நரம்பு போகுதாம், அதை அமுக்குமாம். ஆசனம் ரொம்பத் தாழவும் இருக்கக் கூடாதாம். தொடை முழங்காலைப் பார்க்கக் கொஞ்சம் சரிஞ்சு இறங்கணுமாம்" என்றான். வாத்தியம் வாசிக்கிறவன் பர்ஸ் நரம்பை நசுக்குகிற அளவுக்குக் கனமா என்று அசந்துபோய் வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் பெட்ரோல் பங்க் ரசீது.

இப்படிச் சிரித்துக்கொண்டே பல வருஷம் ஓட்டிவிட்டேன். நடுவில் சில விஷயங்கள் நடந்தன. ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வீடு வந்தேன். "இன்னொண்ணு எங்கங்க?" என்று மனைவி கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். எங்கே கழன்றது என்று தெரியவில்லை. அன்றைக்குக் கச்சேரி கிடையாது என்பதை நான் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள். இன்னொரு நாள் சாதகம் செய்யும்போது கும்கி காதுக்கு வந்தது, காலுக்கு வரவில்லை. தொப்பிக்கு வைத்த ரவை சரியில்லை என்று முடிவு கட்டி, பிசைந்து மறுபடி வைத்தேன். மூன்று தடவை வைத்தேன். ரவைதான் தீர்ந்தது.

பிறகு வெந்நீர். கால் மரத்தால் கல்லுப்புப் போட்ட வெந்நீரில் வை என்று சொல்லாத வீடு உண்டா? வாளியில் காலை விட்டுக்கொண்டு ரேடியோவில் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தேன். சூடு பற்றவில்லையே என்று இன்னும் ஒரு சொம்பு ஊற்றச் சொன்னேன். மனைவி ஊற்ற வந்தவள் வாளிக்குள் விரலை விட்டாள். ஊரைக் கூட்டினாள். மறுநாள் உள்ளங்காலில் அப்பளம் மாதிரி கொப்புளம். எனக்கு வலிக்கவே இல்லை. வலிக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவள் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

டாக்டர் இளைஞர். கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நாளா மரத்துப் போகுது?" என்றார். நாற்பத்தைந்து வருஷமாக என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தொழில் விவரம், உட்காரும் விவரம் எல்லாம் சொன்னேன், நடித்தும் காட்டினேன். அவர் என் முழங்காலுக்கு வெளிப்பக்கம், கொஞ்சம் கீழே, துருத்திக்கொண்டிருக்கும் ஒரு எலும்பு முண்டைத் தொட்டார். அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு தோலுக்கு ரொம்பப் பக்கத்தில் ஒரு நரம்பு பாதத்துக்குப் போகிறதாம். சம்மணம் போட்டால், குந்தினால், கால்மேல் கால் போட்டால் நசுங்குவது பெரும்பாலும் அதுதானாம். ரொம்ப நேரம் ரொம்ப அழுத்தமாக நசுங்கினால் பாதத்தை மேலே தூக்க முடியாமலே போய்விடுமாம். நாம் ரத்தம் நின்றுவிட்டது, ரத்தம் நின்றுவிட்டது என்கிறோமே, முக்கியமான சங்கதி ரத்தம் இல்லை, நரம்பு. அழுத்தம் விலகினதும் அது தாறுமாறாகச் செய்தி அனுப்புகிறது, அதுதான் என் கட்டெறும்பு.

இந்த இடத்தில் எனக்கும் தமிழுக்கும் ஒரு சின்னத் தகராறு. நமக்கு ரத்தக் குழாயும் நரம்பு, உணர்ச்சி போகும் கம்பியும் நரம்பு, யாழில் கட்டியதும் நரம்பு, தூண்டிலில் கட்டுவதும் நரம்பு. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று வாத்தியத்தை நான்காகப் பிரித்தார்கள். வாழ்நாள் முழுக்கத் தோற்கருவிக்காரனாக இருந்த எனக்கு வந்தது நரம்புக்கருவிப் பிரச்சினை. வீணைக்காரருக்கு வந்திருந்தால் ஒரு பொருத்தமாவது இருந்திருக்கும்.

டாக்டர் ரசிக்கவில்லை. "வலது கால் சரி. இடது காலும் மரக்குதா?" என்றார்.

"அதுவும்தான். ரெண்டும் சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும்."

"இடது காலு மேல என்ன வாத்தியம் வைக்கிறீங்க?"

வாயைத் திறந்தேன். பழனி சுப்பிரமணிய பிள்ளை ஞாபகத்துக்கு வந்தார். மூடிவிட்டேன்.

அவர் மேஜை இழுப்பிலிருந்து ஒரு இசைக்கவையை எடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது, நம் இலாகா. தட்டி, காம்பை என் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்தார்.

"தெரியுதா?"

"தெரியுதே. ஒரு கட்டை. ஆனா ஒரு இழை இறங்கியிருக்கு."

அவர் கவையைத் திருப்பிப் பார்த்தார். 128 என்று பொறித்திருந்தது. விநாடிக்கு 128 அதிர்வு. நம் சுருதிப் பெட்டியில் ஆண் குரலுக்கு ஒரு கட்டை வைத்தால் கிட்டத்தட்ட 131 வரும். நான் சொன்னது சரிதான். டாக்டருக்கே ஆச்சரியம். "சார், காதால சொல்லாதீங்க, காலால சொல்லுங்க. காதைப் பொத்திக்குங்க" என்றார்.

இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அவர் தட்டுவது தெரிந்தது. கவையின் இரண்டு கையும் மங்கலாக நடுங்குவது தெரிந்தது. காம்பு என் கட்டைவிரலில் இருந்தது. ஒன்றும் இல்லை. இடது காலில் வைத்தார், ஒன்றும் இல்லை. கணுக்காலில், நாற்பத்தைந்து வருஷம் கும்கி வந்து உட்கார்ந்த அதே எலும்பில் வைத்தார். எங்கோ பக்கத்துத் தெருவில் லாரி போகிற மாதிரி லேசாக ஒன்று வந்து போயிற்று. முழங்காலில் வைத்தபோதுதான் ஒரு கட்டை முழுசாகக் கேட்டது. காதை விட்டு நான் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவரும் அவசரப்படுத்தவில்லை.

அப்புறம் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே குத்தினார். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற இழையாம். பத்து கிலோவைத் தாங்கிய கால், பத்து கிராமைக் கண்டுபிடிக்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.2. அது 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய். பி12 சத்தும் குறைச்சல். சுத்த சைவத்தில் அது சகஜமாம். சர்க்கரை கூடினால் நீளமான நரம்புகள்தான் முதலில் கெடுமாம், அதனால்தான் பாதத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் சமமாக ஏறுகிறது. திருவையாறு ஆராதனைக்குப் போகும்போதெல்லாம் ஸ்வாமிக்கு ஒரு நமஸ்காரம், அசோகா அல்வாவுக்கு இரண்டு நமஸ்காரம் என்று நான் கணக்கு வைத்திருந்தது நினைவுக்கு வந்தது.

ஆக, எனக்கு இருந்தது இரண்டு மரப்பு. ஒன்று மிருதங்கம் தருவது. எழுந்து உதறினால் ஐந்து நிமிஷத்தில் போய்விடும். இன்னொன்று எழுந்தாலும் போகாது, உட்காராவிட்டாலும் வரும், வாத்தியமே வேண்டாம் அதற்கு. முதலாவதைப் பற்றி நாற்பத்தைந்து வருஷம் நகைச்சுவை பேசிக்கொண்டிருந்ததில், இரண்டாவது வந்து பக்கத்தில் உட்கார்ந்து பக்கவாத்தியம் வாசித்ததை நான் கவனிக்கவில்லை. தாளத்தில் அரை அட்சரம் தள்ளினால் கண்டுபிடிக்கிற ஆள் நான்.

இப்போது காலையில் சுருதி சேர்ப்பதற்கு முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கிறேன். செருப்பு போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவுகிறேன். போன மாதம் ஒரு ஆணி அகப்பட்டது. வெந்நீரைக் காலால் பார்ப்பதில்லை, முழங்கையால் பார்க்கிறேன். மாத்திரை, பி12 ஊசி, சாயங்காலம் நடை. ஜமக்காளத்துக்கு மேல் ஒரு போர்வையை நாலாக மடித்துப் போட்டு உட்காருகிறேன். இடுப்பு உயர்ந்தால் முழங்காலில் அழுத்தம் குறைகிறது. பாட்டுக்குப் பாட்டு, பாடகர் தண்ணீர் குடிக்கிற நேரத்தில், வாத்தியத்தை இறக்கிவிட்டுக் காலைத் தாராளமாக நீட்டிக்கொள்கிறேன். சரஸ்வதி இருக்கும் பக்கம் மட்டும் இல்லை. பாடகர்கள் முறைத்தார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள். ஒருவர் தானும் நீட்டிக்கொள்கிறார். சராசரி 6.9-க்கு இறங்கியிருக்கிறது. கும்கி இன்னும் காலுக்கு வரவில்லை. மோசமாகாமல் இருப்பதே பெரிது என்கிறார் டாக்டர். காதால் வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன், இந்த வயதில்.

தர்மகர்த்தாக்களுக்கும் சபா காரியதரிசிகளுக்கும் ஒரு விண்ணப்பம். மங்களம் முடிந்ததும் பொன்னாடையோடு எங்கள் மேல் பாயாதீர்கள். முதலில் பாடகருக்குப் போடுங்கள், பிறகு வயலினுக்கு, கடத்துக்கு, தம்பூராவுக்கு, மைக்செட் பையனுக்கும் ஒன்று போடுங்கள், அவனுக்கு யாரும் போடுவதில்லை. மிருதங்கக்காரனைக் கடைசியில் வைத்துக்கொண்டால் நாங்களும் எழுந்து நின்று கும்பிட்டு வாங்கிக்கொள்வோம். பொன்னாடைக்குப் பதிலாகக் கனமான ஒரு ஈரோட்டுத் துண்டாகக் கொடுத்தால் இன்னும் உத்தமம். ஜரிகைப் பொன்னாடையை மடித்துக் கணுக்காலுக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டேன், வழுக்குகிறது.